மந்திரக் கல்வியும் ஏட்டுப் பதிவும்: இரு மிகுபுனைவு விளையாட்டுகளின் விதிநூல்களை முன்வைத்து

மிகுபுனைவு பற்றிய நம் திறனாய்வு பெரும்பாலும் கதையை நோக்கியே நிற்கிறது. கதைத்தலைவன், அவன் கடக்கும் தடைகள், தொன்மக் கூறுகள், குறியீடுகள் ஆகியவற்றை வகைப்படுத்திக் காட்டுவதோடு ஆய்வு நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் முன்கூட்டியே எழுதப்பட்ட கதை என ஒன்று இல்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து நிகழிடத்தையும் சூழலையும் விரித்துரைப்பார். ஏனையோர் வீரர், திருடர், மந்திரவாதி என ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுத் தத்தம் செயலைச் சொல்வர். ஐயத்திற்கிடமான செயலின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். கதை அவ்வப்போது பிறந்து அவ்வப்போதே மறைந்துவிடுகிறது. எஞ்சி நிற்பது விதிநூல் மட்டுமே. எனவே இவ்விளையாட்டுகளைப் பனுவலாகக் கொண்டு ஆராய விழைவோர், கதையின் இடத்தில் இலக்கணத்தையே எடுத்துக்கொள்ள வேண்டியவராகின்றனர். தமிழ் பயின்றோர்க்கு இது புதிய பயிற்சியன்று.

அத்தகைய விதிநூல்கள் இரண்டில் மந்திர அறிவு எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு பதிவு செய்யப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஒன்று, 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் ஆக்கமாக அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மற்றொன்று, 1987இல் ஜானதன் ட்வீட், மார்க் ரெய்ன்ஹாகன் இருவரும் உருவாக்கிய ‘ஆர்ஸ் மேஜிகா’. பின்னதற்கு 2004இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அளவுகோலாக நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கொள்கிறேன். நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடங்கேட்கும் முறை எனக் கல்வியை ஐந்தாகப் பகுத்து நோக்கும் பகுதி அது. மேலைநாட்டு விளையாட்டு ஒன்றை அளக்கப் பவணந்தியாரை அழைப்பது பொருந்துமா என்னும் வினா எழலாம். ‘ஆர்ஸ் மேஜிகா’வின் கதைக்காலம் கி.பி. 1220, நன்னூலின் காலத்தையும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றே கொள்வர். இது தற்செயல் ஒற்றுமையே. இதைக்கொண்டு எதையும் நிறுவ நான் முயலவில்லை. கல்வியைக் கூறுகூறாகப் பிரித்து, அவற்றுக்கு அளவும் சொன்ன ஒரு நூல் நம் கையில் இருக்கிறது என்பதே காரணம். அவ்வளவு பற்றிப் பின்னர்க் காண்போம்.

ஆசிரியர் இல்லாத சுவடி

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் மந்திரக் கோட்பாடு ஜாக் வான்ஸ் என்னும் புனைகதையாசிரியரிடமிருந்து பெறப்பட்டது. 1979இல் வெளியான ஆட்ட நடத்துநர்க்கான கையேட்டின் பின்னிணைப்பில், தமக்கு ஊக்கமளித்தோர் வரிசையில் கைகாக்ஸ் அவர் பெயரையும் குறித்துள்ளார். வான்ஸின் ‘தி டையிங் எர்த்’ 1950இல் வெளிவந்த கதைத்தொகுதி. கதிரவன் அணையவிருக்கும் இறுதிக் காலத்து உலகம் அதில் வருகிறது. ஒரு காலத்தில் வழங்கிய எண்ணற்ற மந்திரங்களுள் நூறளவே எஞ்சியுள்ளன. அவை பழைய சுவடிகளில் இருக்கின்றன. கற்ற மந்திரவாதியின் மூளையும் ஒரு நேரத்தில் நான்கைந்து மந்திரங்களுக்கு மேல் தாங்காது. மனத்தில் ஏற்றிய மந்திரத்தைச் சொன்னவுடன் அது மனத்தைவிட்டு அகன்றுவிடும். மீண்டும் வேண்டுமெனின் சுவடியைத்தான் நாட வேண்டும்.

இந்த நினைவும் மறதியும் அப்படியே விளையாட்டிற்குள் வந்தன. ஆனால் வான்ஸின் கதையில் இருந்த ஒன்று வரவில்லை. அத்தொகுதியில் டர்ஜான் என்னும் மந்திரவாதி தொட்டியில் மனித உயிரை உருவாக்க முயன்று தோற்கிறான். தன் சுவடிகளில் விடை கிடைக்காமல், வேற்றுலகில் வாழும் பாண்டலூம் என்னும் பேராசானைத் தேடிச் செல்கிறான். ஆசானின் உருவத்தை மாணவன் பார்த்தல் கூடாது. குரலை மட்டுமே கேட்கலாம். கல்விக்கு விலையாக ஓர் அணியைக் கொண்டுவந்து தரும் பணி இடப்படுகிறது. பணியை முடித்தபின் அவரிடம் தங்கிப் பயில்கிறான். சுவடி போதாதபோது ஆசிரியரை நாடுவதே அக்கதையின் இயக்கம். விளையாட்டை வகுத்தோர் சுவடியை எடுத்துக்கொண்டனர், பாண்டலூமை விட்டுவிட்டனர். இவ்விடுபாடு அற்பமானதன்று.

ஆசிரியர் முற்றிலும் இல்லை எனவும் கூறவியலாது. 1979ஆம் ஆண்டுக் கையேட்டில் ஓர் இடத்தில் அவர் தலைகாட்டுகிறார். புதிதாக ஆடத் தொடங்கும் மந்திரவாதி, குறைந்தது ஆறாம் நிலையேனும் எய்திய ஓர் ஆசானிடம் அப்போதுதான் பயிற்சியை முடித்து வெளியேறியவர் என ஆட்ட நடத்துநர் சொல்ல வேண்டும். மாணாக்கரின் உழைப்பில் மகிழ்ந்த ஆசான் விடைபெறும் வேளையில் ஒரு சுவடியைப் பரிசளிக்கிறார். அதில் நான்கு மந்திரங்கள் உள்ளன. ஒன்று மந்திர எழுத்தை வாசிக்கும் மந்திரம். மற்றவை தாக்குதல், தற்காப்பு, பிற என்னும் வகைகளிலிருந்து பெரும்பாலும் பகடையால் தேர்ந்தெடுக்கப்படுபவை. அத்துடன் ஆசானின் பங்கு முடிந்தது. அவர் என்ன சொல்லிக் கொடுத்தார், எத்தனை ஆண்டுகள், எதைச் சொல்ல மறுத்தார் என்பவற்றிற்கு விதி இல்லை. விதி இல்லாதது ஆட்டத்தில் இல்லை. ஆசான் ஒரு முன்கதை. சுவடி ஓர் உடைமை.

மாணாக்கரின் இயல்பும் எண்ணாகவே சுருங்குகிறது. 1978ஆம் ஆண்டு விதிநூலின்படி, அறிவுத்திறன் 9 உடையவர் ஒரு மந்திரத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 35. திறன் 18 எனில் நூற்றுக்கு 85. பகடை எதிராக விழுந்தால் அம்மந்திரம் அவருக்கு எட்டாக்கனி. அன்னம், பசு, கிளி, ஆடு என்றெல்லாம் மாணாக்கரைத் தரம் பிரித்துப் பழகிய நமக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் கற்க முடியாமைக்கு மாணவரின் ஒழுக்கத்தைக் காரணமாக்காமல் ஊழின் கையில் விட்டிருப்பதில் ஒருவகை நேர்மையும் உண்டு.

பின்வந்த பதிப்புகள் சுவடியின் பொருளியலை மேலும் துல்லியமாக்கின. 2003ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில் சுவடிக்கு 100 பக்கங்கள். மந்திரத்தின் நிலை எத்தனையோ அத்தனை பக்கங்களை அது பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் எழுத 100 பொற்காசு பெறுமான பொருள்கள் செலவாகும். பிறர் சுவடியைப் பார்த்து எழுதிக்கொள்ள, நிலை ஒன்றுக்கு 50 பொற்காசு வீதம் கட்டணம் கேட்பது வழக்கம் என்றும் அந்நூல் சொல்கிறது. மந்திரச் சுருளிலிருந்து பெயர்த்தெழுதினால் சுருளிலுள்ள எழுத்து மறைந்துவிடும். பெயர்த்தெழுதுதல் என்பது இங்கே படியெடுத்தல் அன்று, இடமாற்றம். மூலமும் படியும் ஒருங்கே இருத்தல் இயலாது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்து, உடைமையாளரின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து திரும்பிய அனுபவமுடைய ஆய்வாளர்கள் இவ்விதியின் மனநிலையை எளிதில் அடையாளம் காண்பர். படியெடுக்க விட்டால் ஏட்டின் மதிப்பே போய்விடும் என்னும் அச்சம் விளையாட்டில் மட்டும் உள்ளதன்று.

நான் பணியாற்றும் நகரில், மாணவர் விடுதியொன்றில் இவ்விளையாட்டை அருகிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி ஆடினர். மந்திரவாதியாக ஆடிய மாணவரின் சுவடி, ஆட்டத்தின் போக்கில், தீயில் எரிந்துபோனது. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். வீரனாக ஆடியவர், அந்த மந்திரங்களை நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாயே, நினைவில் இராதா என வியப்போடு கேட்டார். இராது என்பதே விடை. சுவடியில் 14 மந்திரங்கள் இருந்தன. அன்று காலை மனத்தில் ஆயத்தம் செய்து வைத்தவை 9. அந்த ஒன்பதைப் புதிய ஏட்டில் எழுதிக்கொள்ள விதி இடந்தருகிறது. எஞ்சிய ஐந்தும் அவர் ஒருபோதும் கல்லாதன போல் ஆயின. ஐந்தாம் நிலை எய்திய புலவர் ஒருவர் ஒரு நொடியில் தம் கல்வியில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் இழந்தார். ஆனால் அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. அறிவு அறிந்தவரிடம் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்னும் கருத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரேயொரு மந்திரம் மட்டும் ஏடின்றியும் மந்திரவாதியின் மனத்தில் நிற்கும். அது மந்திர எழுத்தை வாசிக்கும் மந்திரம். வாசிக்கும் ஆற்றல் மட்டுமே அவருக்குச் சொந்தம், வாசித்தவை அல்ல.

இவ்வாறு அமைத்ததற்கு ஆட்டம் சார்ந்த காரணம் உண்டு. மந்திரவாதி எல்லா மந்திரங்களையும் எப்போதும் சொல்ல வல்லவரானால் வீரனுக்கும் திருடனுக்கும் மேசையில் வேலையிராது. இழக்கும் வாய்ப்பு இல்லாதவிடத்து ஆட்டச் சுவையும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ளலாம். ஆயினும் கட்டுப்பாட்டிற்கு வழிகள் பல இருக்க, சுவடியைச் செல்வமாக்கும் வழியையே தேர்ந்ததில் ஒரு நோக்கு வெளிப்படுகிறது. குகையில் கிடக்கும் பொன்னோடு பொன்னாக மந்திரச் சுருளும் கிடக்கிறது. நன்னூலின் ஐந்து கூறுகளுள் நூல் மட்டுமே இங்கு முழுமையாக இருக்கிறது. அதுவும் படிக்கப்படும் நூலாக அன்று, கைப்பற்றப்படும் நூலாக. 2000இல் இவ்விளையாட்டில் சேர்க்கப்பட்ட மற்றொரு மந்திரவாதி வகைக்கு ஏடும் வேண்டாம், கல்வியும் வேண்டாம். ஆற்றல் குருதியிலேயே வருகிறது. பிறப்பால் வரும் அறிவு என்னும் கருத்து எத்தனை எளிதாக ஒரு விளையாட்டு விதியாகிவிடுகிறது என்பதைத் தனியே ஆராய வேண்டும்.

வினையும் பெயரும்

‘ஆர்ஸ் மேஜிகா’ முற்றிலும் வேறான அடித்தளத்தில் நிற்கிறது. இதில் மந்திரம் தனித்தனிச் சொற்றொடர்களின் தொகுதி அன்று, ஓர் இலக்கணம். ஆக்கல், அறிதல், மாற்றல், அழித்தல், ஆளல் எனப் பொருள்படும் ஐந்து இலத்தீன் வினைகள். தீ, நீர், நிலம், உடல், மனம் முதலிய பத்துப் பெயர்கள். ஒரு வினையும் ஒரு பெயரும் சேர மந்திரம் பிறக்கிறது. ஆக்கலும் தீயும் சேர்ந்தால் நெருப்பை உண்டாக்கலாம். அறிதலும் மனமும் சேர்ந்தால் பிறர் எண்ணத்தை உணரலாம். எழுதிவைத்த மந்திரமே இல்லாதபோதும், வலிமை குன்றியேனும், அப்போதைக்கப்போது ஒன்றைப் படைத்துக்கொள்ள இயலும். எனவே மந்திரவாதியின் ஏடு எரிந்தாலும் அவர் மந்திரவாதியே. கற்கப்படுவது சொல் அன்று, சொல்லாக்க நெறி. இலக்கணம் ஏட்டிலிருந்து தானே கைவராது, கற்பிப்பார் வேண்டும். ஆசிரியர் இவ்விளையாட்டில் இன்றியமையாதவராவதற்கு இதுவே காரணம் எனலாம்.

விளையாட்டின் காலக்கணக்கும் இதற்கேற்ப அமைந்துள்ளது. ஆண்டு நான்கு பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பருவத்திலும் மந்திரவாதி ஒரு நூலைப் படிக்கலாம், ஒரு நூலை எழுதலாம், ஆய்வு செய்யலாம், அல்லது பாடஞ்சொல்லலாம். ஒன்றைச் செய்தால் மற்றது இல்லை. மாணாக்கர் 15 ஆண்டுகள் ஆசானிடம் இருப்பார். ஆண்டுக்கு ஒரு பருவமேனும் ஆசான் கற்பித்தே ஆக வேண்டும். தவறினால் மாணாக்கரை வேறொருவர் உரிமையோடு அழைத்துக்கொள்ளலாம். எஞ்சிய மூன்று பருவங்களும் மாணாக்கர் ஆசானுக்கு உழைக்கிறார். பெரிய புலமை, சிறிய கற்பித்தல், நிறைந்த ஊழியம் என்னும் இந்த விகிதம் எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்கும் அந்நியமானதன்று.

நூல்களைப் பற்றிய விதிகளே இவ்விளையாட்டின் ஆழமான பகுதி. நூல் இருவகை. ஒரு துறையைத் தொடக்கமுதல் ஓர் எல்லைவரை முறையாகச் சொல்வது ஒன்று. இதன் இலத்தீன் பெயர் தமிழ்க் காதில் ‘சும்மா’ என ஒலிப்பதால் தொகைநூல் என்றே வழங்குகிறேன். குறிப்பிட்ட ஒரு சிக்கலை மட்டும் பேசும் தனிப்பொருள் நூல் மற்றொன்று. தொகைநூலுக்கு எல்லை என ஓர் எண்ணும், தரம் என ஓர் எண்ணும் உண்டு. அதன் எல்லை ஆசிரியரின் புலமையில் பாதியைத் தாண்டலாகாது. இருபது அளவு கற்ற ஒருவர் எழுதும் நூல் கற்பாரைப் பத்துவரையே கொண்டுசெல்லும். ஆனால் அதே ஆசிரியர் நேரில் பாடஞ்சொன்னால் மாணாக்கர் அவருடைய இருபதையும் எட்டலாம். எழுத்தில் பாதி ஏறுகிறது. மறுபாதி குரலில் மட்டுமே இருக்கிறது. நூலை மட்டுமே கற்றவர் அத்துறையில் எழுதும் நூலோ மேலும் பாதியாய்க் குறையும். ஆசிரிய மரபு அறுந்த துறை சில தலைமுறைகளில் தேய்ந்துபோவதை ஒரு வகுத்தற் கணக்கால் காட்டிவிட்டனர். இவ்விதியை வகுத்தோரின் நுண்மையைப் பாராட்டாமலிருக்க இயலாது.

ஆய்வுக்கூடக் குறிப்புகள் இன்னும் சுவையானவை. மந்திரவாதி தாம் கண்டறிந்தவற்றைத் தமக்கேயுரிய சுருக்கக் குறிகளால் எழுதிவைக்கிறார். பிறர் அதைப் பயன்படுத்துமுன் அக்குறிகளைப் பொருள்விளக்கிக்கொள்வதற்கே பருவங்களைச் செலவிட வேண்டும். சித்தர் நூல்களின் பரிபாஷையை இதனோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஒப்புமை முழுமையானதன்று. பரிபாஷை ஒரு மரபினர்க்குள் பொதுவாக வழங்கும் மறைமொழி. இங்குள்ளதோ தனியொருவரின் அவசரக் கையெழுத்து. மறைக்கும் நோக்கமின்றியே மறைபட்டுப்போகும் எழுத்து.

அறிவைப் பகிர்வதற்கும் இவ்வுலகில் சட்டம் உண்டு. மந்திரவாதிகளின் சங்கத்தில் போனிசேகஸ் என்னும் முதலாசானின் வழிவந்தோர் தம் கண்டுபிடிப்புகளை அனைவர்க்கும் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள். அதற்கு ஈடாகப் பிறருடைய மாணாக்கர் எவரையும் தமக்கென எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு அளிக்கப்பட்டுள்ளது. நூலைக் கொடுப்பவர்க்கு மாணவர் விலை. அம்மாணாக்கரின் விருப்பம் கேட்கப்படுவதில்லை என்பதை ஆடுவோர் பலர் கவனிப்பதில்லை. அந்தப் போனிசேகஸ் கண்டறிந்த காப்பு மந்திரமோ மாணாக்கர் சங்கத்தின் உறுதிமொழி ஏற்கும் வேளையில்தான் கற்பிக்கப்படுகிறது. அதுவரை மந்திரவாதிகள் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கினர். அக்காப்பினால்தான் ஒருவர் முன் ஒருவர் அமரவும் நூல்களை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது என்பது கதை. நம்பிக்கை இருந்ததால் கல்வி வளர்ந்தது என்னாமல், நம்புவதற்கே ஒரு கல்வி தேவைப்பட்டது என்கிறது இவ்விதிநூல்.

கால் கூறும் ஆறு மதிப்பும்

நன்னூல் பாடங்கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஓர் அளவு தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உட்கொண்டாலும் மாணாக்கருக்குக் கிடைப்பது கால் கூறு. உடன்கற்போரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால். தாம் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய இரண்டு கால். கல்விக்கு எண்ணால் அளவு சொல்வது விளையாட்டு விதிநூல்களுக்கு மட்டும் உரியதன்று என்பது ஒன்று. அளவுகள் எங்கே வேறுபடுகின்றன என்பது மற்றொன்று; என் கருத்தில் அதுவே முதன்மையானது.

‘ஆர்ஸ் மேஜிகா’வில் ஆசிரியர் ஒரே மாணாக்கருக்குப் பாடஞ்சொன்னால் பாடத்தின் தரம் 6 மதிப்புக் கூடும். இருவர் எனில் 3 மட்டுமே. அதற்கு மேற்பட்டோர் இருப்பின் ஒன்றும் கூடாது. உடன்கற்போர் இங்கே இழப்பு. நன்னூலில் அவர்கள் கால் பங்கு வரவு. பாடஞ்சொல்லும் பருவத்தில் ஆசிரியருக்குக் கிடைப்பதோ மிகச் சிறிய பயன். அவருடைய ஆய்வுக்குரிய மூன்று திங்கள் கழிந்ததே மிச்சம். நன்னூலில் எடுத்துரைப்பவர்க்கே பாதிப் புலமை. இவ்விளையாட்டின் ஆசிரியர் கொடுக்கக் கொடுக்கக் குறைகிறார். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ சுருளில் எழுத்து அழிவதும் இங்கே ஆசிரியரின் பருவம் அழிவதும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். முன்னது முரட்டுத்தனமாகச் செய்வதைப் பின்னது நாகரிகமாகச் செய்கிறது. ஆசிரியரை அத்தனை நுணுக்கமாகப் படைத்த விளையாட்டும், அறிவைப் பங்கிட்டால் குறையும் பொருளாகக் காணும் நோக்கிலிருந்து விடுபடவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அவசரமாகப் பெயர்த்தெழுதினால் படியின் தரம் 1 குறைகிறது. அவ்வளவே. எழுதுவோர் பிழை செய்தால் பாடம் வேறாகும், அவ்வேறுபாட்டிலிருந்து வேறு பொருள் பிறக்கும், அதன்மேல் வழக்கு எழும் என்பதற்கு இங்கு இடமில்லை. இரண்டு படிகள் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை. ஒன்று மற்றதைவிட மங்கலாக இருக்கிறது. பாடபேதம் என்பதைக் குறைபாடாக மட்டுமே காணும் இப்பார்வை, ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்தவர்க்கு மிக ஏழ்மையானதாகவே தோன்றும். நூலுக்கு எல்லையும் தரமும் உண்டு, உள்ளடக்கம் இல்லை. அந்நூல் என்ன சொல்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

இவ்விளையாட்டுகள் தாம் எவ்வாறு கற்கப்படுகின்றன என்பதையும் இங்கு நோக்க வேண்டும். 1974ஆம் ஆண்டின் மூன்று சிறு நூல்களும் முன்னரே போர் விளையாட்டுகளில் பழகியோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஏற்கெனவே ஆடிய ஒருவர் உடனிராமல் அவற்றைப் புரிந்துகொள்வது கடினமாயிருந்தது. நரம்பியல் பேராசிரியரான ஜான் எரிக் ஹோம்ஸ் தொடக்கநிலையினர்க்கு ஏற்றவாறு அவற்றைச் சீர்செய்து தர, 1977இல் தனித்தொகுதி ஒன்று வெளியிடப்பட்டது. அவ்வாறு எளிமையாக்கிய பின்னரும் விளையாட்டு பெரிதும் வாய்வழியாகவே பரவியது. நான் கண்ட விடுதியில் சுவடியை இழந்த அம்மாணவரை விசாரித்தேன். விதிநூலை அவர் முழுமையாகப் படித்ததில்லை. முந்தைய ஆண்டில் மூத்த மாணவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். மற்றவை உடன் ஆடியோரிடமிருந்து வந்தன. எரிந்துபோன ஐந்து மந்திரங்களும் எவை எனக் கேட்டபோது, அவற்றின் நிலை, தொலைவு, விளைவு என ஒன்றுவிடாமல் நினைவிலிருந்து ஒப்புவித்தார். அடுத்த வாரம் புதிதாக வந்த முதலாண்டு மாணவர் மூவர்க்கு அவர்தாம் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தார்.